அம்மா திடீரெனக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார்: நல்ல செய்திதானா?

திருப்பூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது:

“எனக்கு 46 வயது. பின்னலாடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஓராண்டாகத் தையல் பிசகைக் கண்டுபிடிக்கத் துணியைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என் அம்மாவுக்கு 71 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கண்ணாடி இல்லாமல் நாளிதழைத் தொடவே மாட்டார். ஆறு மாதமாகக் கண்ணாடி போடாமலேயே படிக்கிறார். ‘புரை தொடங்கியிருக்கும், நன்றாக முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கண் எரிந்தால் மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து ஒன்றை அம்மா அவ்வப்போது ஊற்றிக்கொள்கிறார். காலமான என் அப்பாவுக்குக் கண் பிரஷரால் ஒரு கண் பார்வை போய்விட்டது. போன மாதம் நாங்கள் இருவரும் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் சோதித்துக்கொண்டோம். கண் நன்றாக இருப்பதாகவும், எனக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்றும் சொன்னார்கள். இப்போதே போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று உடன் வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். பயிற்சியால் சரிசெய்ய முடியாதா? கடையில் பார்த்தது போதாதா?”

உங்கள் கடிதத்தில் உங்களைக் கவலைப்பட வைத்திருப்பது உங்கள் கண்ணாடி. என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கும் மற்ற மூன்று செய்திகள். ஆயினும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே தொடங்குகிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் மென்மையாக இருக்கும். அருகில் இருப்பதைப் பார்க்கும்போது அது சற்றே உப்பி, பார்வையை அங்கே குவித்துக்கொடுக்கும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியதும், கையிலிருக்கும் பொருளைத் தெளிவாகப் பார்க்கும் அளவுக்கு அதனால் உப்ப முடிவதில்லை. நீங்கள் துணியைத் தள்ளிப் பிடிப்பதன் காரணம் இதுதான். இறுகிப்போன லென்ஸை எந்தக் கண் பயிற்சியும் இளக்காது. கண்மணியைச் சுருக்கிச் சில மணி நேரத்துக்குப் படிக்க உதவும் சொட்டு மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. ‘கண்ணாடிக்கு விடை கொடுக்கும் மருந்து’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்த வகையைப் பற்றியதுதான். அதன் வேலை மருந்தின் வீரியம் இருக்கும் வரைதான். வெள்ளெழுத்தை அது நீக்குவதில்லை.

கண்ணாடி போடுவதால் பவர் ஏறுகிறது என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பெரும்பாலோருக்கு +1.00 அல்லது +1.25இல் தொடங்கும் படிப்புக் கண்ணாடி, சில ஆண்டுகளுக்கொருமுறை சிறிது சிறிதாகக் கூடி, 60 வயதை ஒட்டி +2.50 அளவில் வந்து நின்றுவிடும். கண்ணாடி போட்டவருக்கும் இப்படித்தான் கூடும். பிடிவாதமாகப் போடாதவருக்கும் இப்படித்தான் கூடும். போடாதவருக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே. நாள் முழுவதும் தையலைப் பார்க்கும் உங்களுக்குக் கண்ணாடி இன்றே வேண்டும். அளவெடுக்கும்போது, படிக்கும் அட்டையை மட்டும் பார்த்து முடித்துக்கொள்ளாமல், வேலையில் துணியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்களோ அந்தத் தூரத்தில் ஒரு துணியைப் பிடித்துக் காட்டுங்கள். 40 சென்டிமீட்டருக்குப் பொருந்தும் கண்ணாடி 60 சென்டிமீட்டரில் இருக்கும் மேசைக்குப் பொருந்தாது. பலர் ‘கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பெட்டியில் போட்டுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தூரக் கணக்குதான்.

இனி உங்கள் அம்மா. முதியவர் ஒருவர் திடீரெனக் கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படிக்கத் தொடங்கினால் வீடே மகிழ்கிறது. கீரை வேலை செய்கிறது என்பார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்பார்கள். அந்த மகிழ்ச்சியைக் கலைப்பது எனக்கும் உவப்பான வேலையன்று. புரையில் ஒரு வகை லென்ஸின் நடுப்பகுதியைக் கெட்டியாக்கி, மஞ்சளிக்கச் செய்து, அதன் ஒளி வளைக்கும் திறனைக் கூட்டிவிடும். அப்படிக் கூடியதும் கண் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறுகிறது. கண்ணுக்கு உள்ளேயே ஒரு படிப்புக் கண்ணாடி முளைத்துவிட்டது போல, அருகில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் தெரியும். இன்று மாலையே நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எட்டு, பத்து அடி தள்ளி அம்மாவை உட்கார வைத்து, சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக உள்ளங்கையால் மூடிப் படிக்க வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள். தூரத்துக்குக் கண்ணாடி உண்டென்றால் அதைப் போட்டுக்கொண்டே பார்க்கட்டும்.

ஒற்றைக் கண்ணை மூடும் இந்தச் சிறு வேலையை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை முழுவதுமாக மறைத்துவிடும். தலைவலிக்குக் கண்ணாடி போட வந்து, சோதனையில் வலக்கண்ணை மூடியதும் ‘ஏன் விளக்கை அணைத்துவிட்டீர்கள்?’ என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். இடக்கண் பார்வை எப்போது போனது என்பது அவருக்கே தெரியவில்லை.

அம்மாவின் மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை கூடினாலோ, சட்டென்று இறங்கினாலோ, லென்ஸின் நீர்ச்சத்து மாறிக் கண்ணாடியின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாரத்தில் அளவெடுத்த கண்ணாடி, கட்டுக்குள் வந்ததும் பயனற்றுப் போவதை அடிக்கடி காண்கிறோம். எனவே சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு புதுக் கண்ணாடி வாங்குவதே சிக்கனம். ஆனால் கண் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப் போடக் கூடாது.

‘முற்றட்டும்’ என்ற அறிவுரை பொய்யாகப் பிறந்ததன்று. அதன் காலம் முடிந்துவிட்டது. அக்காலக் கருவிகளால் நன்கு முற்றிய புரையை முழுமையாக எடுப்பது எளிது. முற்றாததை எடுத்தால் மிச்சங்கள் கண்ணுக்குள் தங்கின. எடுத்த பிறகு உள்ளே வைக்க லென்ஸும் கிடையாது. நம் தாத்தா பாட்டிகள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கனத்த பூதக்கண்ணாடி போன்ற ஒன்றை அணிந்து நடமாடியது அதனால்தான். பார்வை ஏறத்தாழ முழுவதும் போன பிறகே அந்தக் கண்ணாடி ஆதாயமாகத் தெரியும். எனவே காத்திருப்பதில் பொருள் இருந்தது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இல் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கண் பெரிதாகச் சீறாததைக் கண்டு, அதே பொருளில் லென்ஸ் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த லென்ஸ் நம்மூர் ஏழைக்கு எட்டியதற்கு மதுரைக்கு நன்றி சொல்ல வேண்டும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் தன் அரோலேப் நிறுவனத்தின் வழியே லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியதும் விலை பல மடங்கு சரிந்தது.

இன்று புரையை நுண்ணொலி அலையால் உடைத்து, 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியே உறிஞ்சி எடுக்கிறோம். முற்றிய புரை கல்லாக இறுகியிருக்கும். அதை உடைக்கக் கூடுதல் ஆற்றல் தேவை, கருவிழியின் உட்புறச் செல்களுக்கு அதனால் சேதம் கூடும். மிகவும் முற்றினால் லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிக் கடும் வலியைத் தரும். அதற்காக, புரை என்ற சொல் காதில் விழுந்த அன்றே அறுவை மேசைக்கு ஓட வேண்டியதில்லை. அரிசியில் கல் பார்ப்பது, படியிறங்குவது, எதிரே வரும் வண்டியின் விளக்கொளியில் தடுமாறாமல் சாலையைக் கடப்பது ஆகியவற்றில் அம்மாவுக்குத் தடை வரும்போது எடுத்துவிடலாம். வெயில் காலத்தில் செய்யக் கூடாது, தை பிறக்கட்டும் என்பதற்கெல்லாம் இப்போது அடிப்படை இல்லை. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தும் இதுவரை இல்லை. அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. புரை நீங்கிய மறுநாள், ‘இந்தப் புடவை நீலமா? நான் பச்சை என்றல்லவா நினைத்திருந்தேன்’ என்று கேட்கும் பாட்டிகள் எங்கள் தொழிலின் சிறு இன்பங்களில் ஒன்று.

ஆனால் உங்கள் அம்மாவுக்குப் புரையைவிட முதலில் பார்க்க வேண்டியது விழித்திரை. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன, பிறகு எளிதில் உடையக்கூடிய புதுக் குழாய்கள் முளைக்கின்றன. வெகு காலம் வரை வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. கடைசி வரி வரை படித்துவிடுகிறவரின் விழித்திரையிலும் உடனே லேசர் தேவைப்படும் சேதம் இருக்கக் கூடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கொருமுறையும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. 12 ஆண்டுகளில் அம்மாவுக்கு எத்தனை முறை சோதித்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. விழித்திரையில் வீக்கம் இருந்தால் அதைப் புரை அறுவைச் சிகிச்சை கூட்டிவிடக் கூடும். ஆகையால் முன்கூட்டியே கண்டு ஊசியோ லேசரோ கொடுத்துக் கட்டுப்படுத்த வேண்டும். புரையை முற்றவிட்டால் உள்ளே இருக்கும் விழித்திரையை எங்களாலும் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் அறிவுரை சர்க்கரை நோயாளிக்கு இரட்டிப்புத் தவறாவது இதனால்தான்.

கண்ணாடிக் கடையில் நீங்கள் முகவாயை வைத்துப் பார்த்த கருவி, கண்ணுக்கு என்ன பவர் தேவை என்பதை மட்டும் கணிக்கிறது. அது சொன்னது பொய்யில்லை. விழித்திரையையோ பார்வை நரம்பையோ கண்ணின் அழுத்தத்தையோ அது பார்ப்பதில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கண் பிரஷர் என்று வழக்கில் சொல்லப்படும் கிளாகோமா, இரத்த அழுத்தத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் ஒன்று. இங்கே பிரஷர் என்பது கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளால் ஆன பார்வை நரம்பு இந்நோயில் சிறிது சிறிதாகக் கருகுகிறது. பெரும்பாலும் பார்வையின் ஓரங்களே முதலில் போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோயாளிக்கு ஐயமே எழாது. போன இழை மீளாது. மீதமுள்ளதைக் காப்பதே சிகிச்சை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஒருவருக்கு இது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதால், உங்கள் வீட்டில் உடனே முழுப் பரிசோதனைக்கு வர வேண்டியவர் அம்மா மட்டுமல்லர், நீங்களும்தான். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் வரட்டும். வழக்கமான கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை. அந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு கருகுகிறவர்கள் உண்டு. ஆகவே ‘பிரஷர் நார்மல்’ என்ற சீட்டோடு திரும்பிவிடாமல், நரம்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மெடிக்கலில் வாங்கிய அந்தச் சொட்டு மருந்தின் பெயரை நீங்கள் எழுதாததால், உறையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுக்கும்போது இது பார்வையையே காப்பாற்றும். எரிச்சலுக்கெல்லாம் ஊற்றினால் சிவப்பும் உறுத்தலும் சட்டென்று அடங்கும். அந்தச் சுகத்துக்காகவே திரும்பத் திரும்ப வாங்குவார்கள். மாதக் கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், புரையும் வளரும். அம்மாவின் எரிச்சல் பெரும்பாலும் கண் வறட்சியாக இருக்கலாம்; அதற்கு ஸ்டீராய்டு இல்லாத எளிய செயற்கைக் கண்ணீரே போதும். எந்த மருந்தாயினும் மூடி திறந்து ஒரு மாதம் ஆனால் எறிந்துவிடுங்கள். திடீரென்று கண் கடுமையாக வலித்து விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தோன்றிக் கரும்புள்ளிகள் திரண்டு மிதந்தாலோ, திரை விழுவது போல ஒரு பக்கம் மறைந்தாலோ, எந்தச் சொட்டு மருந்தையும் தேடாமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனை நாளில் கண்மணியை விரியச் செய்யும் மருந்தை ஊற்றிச் சுமார் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். அதன் பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். ஆகவே நீங்களும் அம்மாவும் ஒரே நாளில் வருவதானால் துணைக்கு மூன்றாமவர் ஒருவர் வேண்டும். ஸ்கூட்டியில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று எண்ணாதீர்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டு, அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவு, அந்தச் சொட்டு மருந்துப் புட்டி, அப்பாவின் பழைய கோப்பு கிடைத்தால் அது ஆகியவற்றை எடுத்து வாருங்கள். இனித் தேவையில்லை என்று அம்மா ஒதுக்கிவைத்த கண்ணாடியும் பையில் இருக்கட்டும். ஆறு மாதத்தில் அவருடைய லென்ஸ் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அதன் பவரோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.