பல் மருத்துவர் பெயருக்குப் பின்னால் ‘எஃப்.ஏ.ஜி.டி.’ என்று இருந்தால் அவர் கூடுதல் திறமைசாலியா?

அமெரிக்காவில் பல் மருத்துவர் தேடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு கிளினிக்கில் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் பெயருக்குப் பின்னால் டி.டி.எஸ். மட்டும்தான். இன்னொருவருக்கு டி.எம்.டி., எஃப்.ஏ.ஜி.டி. என்று நீள்கிறது. நீளமாக இருப்பவரிடம் போவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் அங்கே பிராக்டிஸ் செய்யும் பொதுப் பல் மருத்துவர்தான். எஃப்.ஏ.ஜி.டி. எழுத்துகளை வாங்கியிருக்கிறேன். அப்புறம் இன்னும் சில வருடங்கள் படித்து அதற்கு அடுத்த படியான எம்.ஏ.ஜி.டி.யும் வாங்கினேன். அதனால் எனக்கு இதில் ஒரு சாய்வு இருக்கும், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

டி.டி.எஸ்., டி.எம்.டி. குழப்பத்தை உடனே தீர்த்துவிடலாம். இரண்டும் ஒரே படிப்பு. ஹார்வர்ட் 1867-இல் பல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது பட்டத்தின் பெயரை லத்தீனில் வைத்தது, அதுதான் டி.எம்.டி. சில கல்லூரிகள் அந்த வழியில் போயின, மற்றவை டி.டி.எஸ். என்ற பழைய பெயரிலேயே நின்றுவிட்டன. அவ்வளவுதான். இதை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

எஃப்.ஏ.ஜி.டி. வேறு கதை. அகாடமி ஆஃப் ஜெனரல் டென்டிஸ்ட்ரி என்று 1952-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, சிகாகோவில் தலைமையகம். பொதுப் பல் மருத்துவர்கள் பட்டத்தோடு நின்றுவிடாமல் தொடர்ந்து படிக்கவேண்டும் என்பதுதான் அதன் வேலை. அது தரும் முதல் அங்கீகாரம் ஃபெலோஷிப், அதுதான் எஃப்.ஏ.ஜி.டி. அதற்கு 500 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும், அதில் 350 மணியாவது வகுப்புக்குப் போய் முடித்ததாக இருக்கவேண்டும், எழுத்துத் தேர்வு ஒன்றிலும் தேறவேண்டும். அடுத்தது மாஸ்டர்ஷிப், அதுதான் எம்.ஏ.ஜி.டி. அதற்கு மேற்கொண்டு 600 மணி, ஆக மொத்தம் 1,100. அந்த மொத்தத்தில் 400 மணியாவது கையால் செய்து பழகும் வகுப்புகளாக இருக்கவேண்டும்.

இது ஸ்பெஷலிஸ்ட் பட்டம் கிடையாது. அமெரிக்காவில் பல் மருத்துவத்தில் அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத் துறைகள் 12. வேர்ச்சிகிச்சை, ஈறு, பல் சீரமைப்பு, குழந்தைகள் பல் மருத்துவம் என்று போகும். அவற்றுக்குப் பட்டம் முடித்தபின் முழுநேரமாகச் சில ஆண்டுகள் ரெசிடென்சி செய்யவேண்டும். எஃப்.ஏ.ஜி.டி. வாங்கியவர் பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் வகுப்புக்குப் போன பொது மருத்துவர்.

சரி, அந்த 500 மணிக்கு என்ன மதிப்பு? இங்கே என் தொழில்காரர்களே சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கலிஃபோர்னியாவில் உரிமத்தைப் புதுப்பிக்க 2 ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர்கல்வி சட்டப்படியே தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், சட்டம் கேட்டதை மட்டும் 20 வருடம் செய்தாலே 500 மணி ஆகிவிடும். பிரிட்டனிலும் 5 ஆண்டுக்கு 100 மணி கட்டாயம். ஆகவே மணிக்கணக்கு மட்டும் என்னை அசைப்பதில்லை. நானே ஓட்டல் அரங்கின் கடைசி வரிசையில் காபியோடு உட்கார்ந்து, பேசுபவரின் படங்கள் ஓடுவதைப் பார்த்தபடி சேர்த்த மணிகள் அந்த 500-இல் உண்டு. அவற்றில் என்ன கற்றேன் என்று இன்று கேட்டால் முழிப்பேன். ஃபெலோஷிப்பில் தேர்வு இருக்கிறது, அதற்காக மறந்த பாடங்களை எல்லாம் திரும்பப் புரட்டவேண்டியிருந்தது, அது நல்லது. ஆனால் எனக்கு மாற்றம் வந்தது கையில் கருவி பிடித்த வகுப்புகளில்தான்.

அந்த வகுப்புகளுக்கு நான் போனதே ஒரு தவறுக்குப் பிறகு. பிராக்டிஸ் தொடங்கிய சில வருடங்களில் ஒருவருக்கு மேல் முதல் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் செய்தேன். அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். மூன்று கால்வாய்களைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, அடைத்து, மேலே கேப்பும் போட்டாயிற்று. எக்ஸ்ரேயில் அழகாக இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் திரும்பி வந்தார், கடித்தால் வலிக்கிறது என்று. நான் பல் கடிபடும் உயரத்தைச் சரிசெய்தேன், மாத்திரை எழுதினேன், ஈறாக இருக்கும் என்றேன். மூன்றாவது முறை வந்தபோதுதான் வேர்ச்சிகிச்சை நிபுணருக்கு அனுப்பினேன். அவர் நுண்ணோக்கியில் பார்த்து, கன்னப்பக்கத்து முன்வேரில் நான் தொடாத நான்காவது கால்வாயைக் கண்டுபிடித்தார். எம்.பி.2 என்போம். பாதிக்கும் மேற்பட்ட மேல் முதல் கடைவாய்ப்பற்களில் அது இருக்கும். கல்லூரியில் தேர்வுக்குப் படித்து எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாயின் உள்ளே, வெறும் கண்ணால், அது ஒரு ஊசிமுனைப் புள்ளிகூடக் கிடையாது. பெரும்பாலும் மேலே டென்டின் என்னும் பல்லின் உள்திசு ஒரு மெல்லிய விளிம்பாக அதை மூடியிருக்கும். அந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினால்தான் கால்வாயின் வாய் தெரியும்.

அதன்பின் போன வகுப்பில் பிடுங்கிய பற்களைப் பிளாஸ்டர் கட்டையில் பதித்து ஆளுக்குச் சில கொடுத்தார்கள். கண்ணில் உருப்பெருக்கி லூப், கையில் மெல்லிய அல்ட்ராசோனிக் முனை. நாள் முழுக்கத் தேடியதில் எனக்கு ஒன்று கிடைத்தது, இன்னொன்றில் பல்லின் உள்தரையையே துளைத்துவிட்டேன். நல்லவேளை, அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் யாரும் நாற்காலியில் இல்லை. வீட்டுப்பாடமும் உண்டு: கிளினிக்கில் செய்த கேஸ்களைப் படத்தோடு ஆவணமாக்கிக் கொண்டுவந்து, சக மருத்துவர்கள் முன்னால் வைக்கவேண்டும். நாற்பது வயதில் இன்னொருவர் என் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு ‘இங்கே என்ன நடந்தது?’ என்று கேட்பது சுகமான அனுபவம் இல்லை. தனியாக கிளினிக் நடத்துபவரிடம் அப்படிக் கேட்க வேறு யாரும் கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரியாது. உதவியாளர் சம்பளம் வாங்குபவர்.

மாஸ்டர்ஷிப்பில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. பிடித்த பாடத்திலேயே மணிகளைக் குவிக்க முடியாது, 16 துறைகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச நேரம் காட்டவேண்டும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இம்ப்ளான்ட் படித்தால் மறுநாளே வருமானம், தாடைத்தசை வலி படித்து என்ன செய்வது என்று நினைத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

அங்கே கற்ற ஒன்று: தாடையின் மாசட்டர் தசையில் இறுக்கம் இருந்தால் அந்த வலி கடைவாய்ப்பல்லில் வலிப்பதுபோலவே தெரியலாம். சில மாதங்கள் கழித்து ஒருவர் வந்தார். கீழ்ப் பல் ஒன்றைத் தொட்டுக்காட்டி, இதைப் பிடுங்கிவிடுங்கள், தூங்க முடியவில்லை என்றார். எக்ஸ்ரே சுத்தம். குளிருக்கு மற்ற பற்களைப் போலவே பதில். பல்லை மரத்துப்போகச் செய்தேன், உதடு மரத்தது, வலி அப்படியே இருந்தது. கன்னத்தில் தசையை அழுத்தினேன், ‘அதே வலி, அதேதான்’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம். பல்லில் கை வைக்கவே இல்லை, இரவில் பற்களின் மேல் போட்டுக்கொள்ளும் ஸ்ப்ளின்ட் என்ற உறை ஒன்று செய்துகொடுத்து, தாடைக்குச் சில பயிற்சிகளும் சொல்லி அனுப்பினேன். பழைய நானாக இருந்தால் ரூட் கெனால் ஆரம்பித்திருப்பேன். அதிலும் வலி போகாமல் அடுத்த பல்லுக்கும் போயிருப்பேன் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பிடுங்காத பல்லுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை, பில்லும் போட முடியாது.

பட்டமளிப்பு விழா உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் அங்கியெல்லாம் போட்டு மேடையேற்றுவார்கள். என் மகள் படம் எடுத்துவிட்டு, ‘இன்னும் எத்தனை தடவை பாஸ் பண்ணுவே?’ என்று கேட்டாள்.

வேறு எழுத்துகளையும் பார்ப்பீர்கள். எஃப்.ஏ.சி.டி., எஃப்.ஐ.சி.டி. போன்றவை அமெரிக்கன் காலேஜ் ஆஃப் டென்டிஸ்ட்ஸ், இன்டர்நேஷனல் காலேஜ் ஆஃப் டென்டிஸ்ட்ஸ் தருபவை. முதலாவது 1920-இலிருந்து இருக்கிறது. இவற்றுக்கு விண்ணப்பித்துத் தேர்வெழுதிச் சேர்வதில்லை, சக மருத்துவர்கள் பரிந்துரைத்துத்தான் அழைப்பார்கள். தொழிலுக்கும் சமூகத்துக்கும் செய்த சேவைக்கான மரியாதை. உங்கள் பல்லை அவர் எப்படிச் செய்வார் என்பதற்கு அதில் நேரடி விடை இல்லை. இவை தவிர, ஒரு வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டினால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எழுத்து தரும் இடங்களும் இருக்கின்றன. அதனால் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதற்கு எத்தனை மணி, தேர்வு உண்டா, கையால் செய்துகாட்ட வேண்டுமா என்று தேடிப்பாருங்கள், பத்து நிமிட வேலைதான்.

உங்கள் இரண்டு மருத்துவர்களுக்கு வருகிறேன். எஃப்.ஏ.ஜி.டி. இருப்பவர் யாரும் கேட்காமலே படித்திருக்கிறார், அதற்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன். எம்.ஏ.ஜி.டி. என்றால் தயங்காமல் மூன்று போடுவேன். ஆனால் டி.டி.எஸ். மட்டும் உள்ளவரை ஒதுக்கிவிடாதீர்கள். என்னைவிடச் சுத்தமாக வேலை செய்யும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லா வகுப்புக்கும் வருவார்கள், எஃப்.ஏ.ஜி.டி. விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்திசெய்யத்தான் சோம்பல்.

இருவரையும் ஒருமுறை பரிசோதனைக்குப் போய்ப் பாருங்கள். போவதற்குமுன் மாநிலப் பல் மருத்துவ வாரியத்தின் தளத்தில் உரிமமும் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதும் பார்த்துவிடுங்கள், இலவசம்தான். நேரில், எந்தெந்த வேலையை நீங்களே செய்வீர்கள், எதை வெளியே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். என்னிடம் கேட்டால், ஏற்கனவே ஒருமுறை ரூட் கெனால் செய்து தோற்ற மேல் கடைவாய்ப்பல்லை நான் தொடமாட்டேன். எம்.பி.2-வைக் கண்டுபிடித்த அதே நிபுணரிடம்தான் இன்றும் அனுப்புகிறேன்.