தவளை வயிறு செவந்தா கிரீம் தடவாதீங்க

கேள்வி: என் மகன் ஒரு பேக்மேன் தவளை வளர்க்கிறான். சில நாளா சாப்பிட மாட்டேங்குது, வயிறும் தொடை உள்பக்கமும் செவந்து போயிருக்கு. வீட்டுல இருக்கிற ஆண்டிபயாட்டிக் கிரீமைத் தடவலாமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தடவவே கூடாது சகோதரி. தவளை வாயால தண்ணி குடிக்காது, வயித்துத் தோல் வழியா உறிஞ்சிக்கும், அதனால நாம தடவுற மருந்து நேரா அது ரத்தத்துல போய்ச் சேர்ந்துடும். மரத்துப்போற மருந்து கலந்த கிரீமா இருந்தா உயிரே போயிடலாம்.

இந்தச் செவப்பை ரெட் லெக்னு சொல்வாங்க, ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா ரத்தத்துல கலந்தா வரும். ஆனா தவளைத் தோலைத் தாக்குற கைட்ரிட்ங்கிற பூஞ்சைக்கும் இதே செவப்புதான், அழுக்குத் தண்ணியில சேர்ற அம்மோனியா தோலைச் சுட்டாலும் இப்படித்தான் தெரியும். கண்ணால பாத்து இன்னதுன்னு சொல்ல முடியாது, டாக்டர் பஞ்சுக் குச்சியால தோல்ல தேச்சு எடுத்து டெஸ்ட் பண்ணணும். பாக்டீரியான்னா ஆண்டிபயாட்டிக், பூஞ்சைன்னா இட்ராகோனசோல் கலந்த தண்ணியில தினம் கொஞ்ச நேரம் உக்கார வைப்பாங்க, ஒன்னோட மருந்து இன்னொன்னுக்குக் கேக்காது. எல்லா கிளினிக்லயும் தவளை பாக்க மாட்டாங்க, செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு போன் பண்ணிக் கேட்டுப் பாருங்க, ஆனா தள்ளிப் போடாதீங்க, இது வேகமா முத்துற நோய்.

இன்னைக்கே பழைய மண்ணு, தேங்காய் நார் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு சுத்தமான டப்பாவுல ஈர டிஷ்யூ விரிச்சு அதுல விடுங்க, தினம் மாத்துங்க. பைப் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க, மீன் கடையில விக்கிற ஆண்டி குளோரின் போட்டுட்டு ஊத்துங்க. தவளை ஏர்கோன் ரூம்லயா இருக்கு? கைட்ரிட் பூஞ்சைக்கு 17லேர்ந்து 25 டிகிரிதான் ரொம்பப் பிடிக்கும், பேக்மேனுக்கு 24லேர்ந்து 28 போதும், அதனால ஏர்கோன் காத்து படாத இடத்துல வைங்க. வேற தவளை இருந்தா உடனே பிரிச்சிடுங்க, தொட்டா கை கழுவுங்க. வாயைத் திறந்து எதையும் திணிக்காதீங்க பாவம்.

இன்னொன்னு, தவளை உடம்பை நெளிச்சு கொட்டாவி விடுற மாதிரி வாயைத் திறந்து தன் தோலையே இழுத்து முழுங்கும், அது இயல்பு, பயப்படாதீங்க. ஆனா உரிஞ்ச தோல் துண்டு துண்டா நாள் தவறாம தண்ணியில மிதந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க. மல்லாக்கப் போட்டா நல்ல தவளை சட்டுனு திரும்பிக்கும், உங்களோடது தானாவே மல்லாந்து கெடந்து திரும்ப முடியாம தவிச்சா அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க.

கேள்வி: என் மரத்தவளைக்குக் கீழ்த்தாடை தொங்கிப் போச்சு, கால் நடுங்குது. கிரிக்கெட் பூச்சி மட்டும்தான் போடுறேன்.
- வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கால்சியம் குறைஞ்சு எலும்பு மெலிஞ்சு போற நோய் மாதிரி தெரியுது தம்பி, எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும். கிரிக்கெட் பூச்சியில பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி, அதனால கால்சியமும் வைட்டமின் டி3யும் கலந்த பவுடரைப் பூச்சி மேல தூவித்தான் போடணும். எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, டி3 கூடினாலும் கெடுதி. வளைஞ்ச தாடை பெரும்பாலும் நேராகாது, ஆனா இப்பவே ஆரம்பிச்சா மேல மோசமாகாம நிறுத்தலாம்.