வீடு வீடாகப் போகும் கை

கேள்வி: பள்ளத்தூரில் பின்கட்டுத் தொழுவத்தில் 2 ஜெர்சி கலப்பின மாடுகள். கன்று ஈன்று 20 நாளான மாட்டுக்கு வலது பின்காம்பில் பால் திரிதிரியாக வருகிறது, மடி கல்லாக இருக்கிறது. போன ஈற்றிலும் இதே காம்புதான். கறக்க வெளியாள் வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: இது மடிநோய்தான் ஆச்சி. இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள். ஊசி போடுமுன் அந்தக் காம்பின் பாலைச் சுத்தமான குப்பியில் எடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே காம்பு இரண்டாம் தடவை என்றால், பழைய நோய் உள்ளேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மருந்து ஓடும் நாளிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் நான்கு காம்புப் பாலையும் விற்காதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள். கெட்ட பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்ச வேண்டாம்.

பலர் கேட்கும் கைவைத்தியம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, வெற்றிலைச் சுண்ணாம்பு 15. மூன்றையும் அரைத்தால் ரத்தச் சிவப்பாகும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலைக் கறந்து கழுவிய மடி முழுக்க, நாளுக்குப் பத்துத் தடவை, 5 நாள் பூச வேண்டும். ஆரம்ப வீக்கத்துக்கு நல்லது. மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் நின்றால் இதை மட்டும் நம்பாதீர்கள்.

எனக்குச் சந்தேகம் உங்கள் கறவைக்காரர் கைமேல்தான். பாவம், அவர் மேல் குற்றமில்லை. நாலு வீட்டு மாட்டைத் தொட்ட கை, சைக்கிளை விட்டு இறங்கி நேரே உங்கள் மடிக்கு வருகிறது. வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வையுங்கள். நல்ல மாட்டை முதலில், நோய் மாட்டைக் கடைசியில் கறக்கட்டும். கட்டைவிரலை மடித்து இழுக்காமல் முழுக்கையால் பிடிக்கட்டும். மடித்த விரல் காம்பின் உட்புறத்தை நசுக்கிப் புண்ணாக்கும். முதல் நாலு பீய்ச்சலைக் கறுப்புத் துணிமேல் விட்டுப் பாருங்கள், திரி பளிச்சென்று தெரியும்.

கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் போடுங்கள். காம்புத்துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்கக் கூடாது. ஐப்பசி மழையில் தொழுவம் சொதசொதவென்று இருக்கும்போது இது ரொம்ப முக்கியம்.

அடுத்த ஈற்றுக்கு 60 நாள் முன்பே பாலை வற்றவைத்து, நான்கு காம்பிலும் குழாய் மருந்தை உள்ளே ஏற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கும் அந்தக் காம்பு அடங்கவில்லையென்றால், அதை அவர் கையால் நிரந்தரமாக வற்றவிட்டு மூன்று காம்பில் கறக்கலாம்.