துணி டயபர்: மழைக்காலக் கேள்விகள்

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, உள்துணியும் உறையும் ஒன்றாகத் தைக்கப்பட்ட டயபர்கள் மூன்று நாளாகியும் காயவில்லை. கணப்புச் சட்டிக்கு மேல் உலர்த்தலாமா? (குன்னூர்)

பதில்: கூடாது. அந்த உறை பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர். நெருப்புச் சூடு பட்டால் பூச்சு பிரிந்து ஒழுகத் தொடங்கும். நீரைத் தடுக்கும் அதே பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியேற விடாது என்பதால், வடகிழக்குப் பருவமழையில் நனையும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு இவ்வகையை நான் பரிந்துரைப்பதே இல்லை. உள்துணியை உருவித் தனியே உலர்த்தக்கூடிய பாக்கெட் டயபர் தேவலை. எல்லாவற்றிலும் விரைவாகக் காய்வது, சதுரமான மெல்லிய பருத்தித் துணியை மடித்துக் கட்டி, மேலே உறையைப் போடும் முறைதான். பிரித்து விரித்தால் ஒற்றை அடுக்காகிவிடுவதால் வீட்டுக்குள் கட்டிய கொடியிலேயே உலர்ந்துவிடும். மலம் படாதவரை உறையைத் துடைத்துவிட்டு அடுத்த துணிக்கும் அதையே போடலாம்.

கேள்வி: 'மூங்கில் கரி' உள்துணி என்று இரட்டிப்பு விலை கொடுத்தேன். குழந்தையை இடுப்பில் தூக்கினாலே ஒழுகுகிறது. (கோத்தகிரி)

பதில்: உங்கள் மேல் பிழையில்லை, வாங்குவோரை மயக்கவே இப்படிப் பெயர் சூட்டுகிறார்கள். ஓரத் தையலைச் சிறிது பிரித்துப் பாருங்கள். சாம்பல் நிற மேல்துணிக்குள், விரல் நுனியின் சொரசொரப்பில் சிக்கிக்கொள்ளும் வெள்ளைத் துணி இருந்தால் அது மைக்ரோஃபைபர், அதாவது கார் துடைக்க விற்கப்படும் அதே இழை. அது சிறுநீரைச் சட்டென்று இழுக்கும், அழுத்தினால் கக்கிவிடும். தோலை வறளச் செய்யும் என்பதால் குழந்தையின் உடலில் நேரடியாகப் படவும் கூடாது. உண்மையாகவே மூங்கில் என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான். நன்றாக உறிஞ்சும், ஆனால் மெதுவாகக் காயும். இந்தப் பெயரை நம்பி நான் வாங்கிய துண்டுகள் இப்போது ஸ்கூட்டர் துடைக்கப் பயன்படுகின்றன. உள்ளடுக்கு என்ன இழை என்று கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: புதிய பருத்தி உள்துணியில் நீர் மேலேயே நிற்கிறது. போலியா? (உதகை)

பதில்: இல்லை. பஞ்சிலுள்ள இயற்கை மெழுகு நீங்க நான்கைந்து முறை துவைத்து உலர்த்த வேண்டும். வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள்; அது படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

கேள்வி: பிரசவத்துக்கு முன்பே இருபது வாங்கினேன். 5 கிலோ முதல் என்று அட்டையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. என் 3 கிலோ குழந்தைக்குத் தொடையில் இடைவெளி விடுகிறது. (கூடலூர்)

பதில்: படிக்காமல் இருபது வாங்கியவருக்குக் கடைக்காரர் என்ன செய்வார்? குழந்தை வளரும்வரை பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள்.

கேள்வி: முதல் துவைப்பிலேயே பட்டன்கள் பிய்ந்தன. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதைக் காட்டி விரட்டுகிறார்கள். (வெலிங்டன்)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. ரசீதில் காலக்கெடு இல்லையெனில், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பிய்ந்த பட்டனைப் படமெடுத்து, ரசீது நகலுடன் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை.