வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மகளின் மேல்படிப்புக்கும் அதற்கான கடனுக்கும் யோசனை கேட்டு, கரூரிலிருந்து சென்ற வாரம் மகளோடு வந்துபோன அம்மாவுக்கு,

அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீர்கள், நல்லதே நடக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் போன பிறகு அது எனக்கே பிடிக்கவில்லை. ஆறுதல் சொல்ல உங்களுக்குச் சொந்தக்காரர்கள் போதும். கணக்குப் பார்க்கத்தான் என்னிடம் வந்தீர்கள், அதை நான் செய்யவில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் சொல்வது இதுதான்: பெண் எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் முடித்ததும் அமெரிக்காவில் டேட்டா சயின்ஸ் சேர வேண்டும், 45 லட்சம் கடன் வாங்க வேண்டும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அந்த 'மற்றது' எது என்று கேட்டேன். உங்களுக்கும் தெரியவில்லை. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் ஈடு கேட்கும். நீங்கள் ஈடு வைக்கப்போவது உங்கள் மாமனார் கட்டிய வீடு. நீங்கள் காட்டிய தாளில் வட்டி 11 சதவீதம். பத்து ஆண்டுத் தவணை போட்டால் மாதம் ஏறக்குறைய 62,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அசலில் ஏறினால் இன்னும் கூடும். உங்கள் கணவரின் மாதச் சம்பளம் 58,000 என்று சொன்னீர்கள். வேலை கிடைப்பது நாலு மாதம் தள்ளிப்போனால் தவணையை யார் கட்டுவது? கொழுந்தனாரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். சங்கடமாக இருக்கும்தான். வீடு போவது அதைவிடச் சங்கடம்.

பணத்தை விடுங்கள். பெண்ணுக்கு அந்தப் படிப்பில் விருப்பம் இல்லை. பைதான் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரமே நின்றுவிட்டாள் என்று நீங்களேதான் குறைப்பட்டுக்கொண்டீர்கள். ஆனால் கடந்த ஆறு மாதமாகக் கல்லூரியில் என்ன செய்தாய் என்று நான் கேட்டபோது என்ன நடந்தது என்று கவனித்தீர்களா? அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவள், ஆய்வுக்கு நிதி கேட்டுத் தன் பேராசிரியர் எழுதிய முன்மொழிவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். முதல் பக்கத்தில் நான்கு நோக்கங்கள் இருந்தனவாம், செயல்திட்டத்தில் மூன்றுக்குத்தான் வேலை எழுதியிருந்ததாம். அதைக் கண்டுபிடித்தது அவள். கருவிக்கான விலைப்புள்ளி ஆறு மாதப் பழையது என்று கம்பெனிக்குப் போன் செய்து புதிதாக வாங்கியது அவள். கடைசி நாளில் முதல்வர் அறை வாசலில் நின்று ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கியதும் அவள்தான். நீங்கள் அதை "சார் வீட்டு வேலை மாதிரி வாங்குகிறார்" என்றீர்கள். ஒரு பைசா தராமல் வாங்குகிறார் என்பது உண்மை. அது தவறுதான். ஆனால் அந்த வேலைக்கு உலகத்தில் பெயர் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது: ஆராய்ச்சி நிர்வாகி.

பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். இதைச் சொல்ல ஆள் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பேராசிரியருக்குத் தன் துறை தெரியும். நிதி தருகிறவர் எப்படிப் படிப்பார் என்பது பலருக்குத் தெரியாது. அறிவிப்பு வந்ததும் அதை வரிவரியாகப் படித்து, நம் கல்லூரி விண்ணப்பிக்கலாமா, வயது வரம்பு என்ன, நிரந்தரப் பணி கேட்கிறார்களா என்று பார்ப்பதில் இந்த வேலை தொடங்குகிறது. பிறகு பட்ஜெட். பணியாளர், நுகர்பொருள், பயணம், கருவி, இதர செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வரி நியாயம் எழுத வேண்டும். இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய். பழைய முன்மொழிவிலிருந்து 31,000 என்று நகல் எடுத்துப் போட்டால், நிதி தருகிறவருக்கு மற்ற எண்களிலும் நம்பிக்கை போய்விடும். மனிதர்கள் சம்பந்தப்பட்ட ஆய்வா, நெறிமுறைக் குழு அனுமதி. விலங்குகளா, அதற்குத் தனிக் குழு. மருத்துவ ஆய்வுக்கு வெளிநாட்டுப் பணமா, சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும் பணம் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் முதலில் வந்து விழ வேண்டும், அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நிதி கிடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஆள் எடுப்பது, ஜெம் என்னும் அரசின் இணையக் கொள்முதல் தளத்தில் கருவி வாங்குவது, மார்ச் 31 முடிந்ததும் செலவுக் கணக்கும், யூ.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்புவது. 'யூ.சி. போகவில்லை' என்ற இரண்டு சொல்லுக்கு நடுங்காத பேராசிரியரை நான் பார்த்ததில்லை. அந்தத் தாள் போய்ச் சேராமல் அடுத்த ஆண்டுப் பணம் வராது. என் நண்பர் ஒருவர் ஒரு கல்லூரியில் எட்டு மாதம் ஆய்வு மாணவனுக்குத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தார், கணக்குப் பிரிவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதால்.

ஒன்றை உங்கள் மகள் புரிந்துகொள்ள வேண்டும். அறிவியலை அவள் எழுதிக்கொடுப்பது இந்த வேலை அல்ல. பேராசிரியர் எழுதியதை, அந்தத் துறை தெரியாத ஒருவர் படித்தாலும் "ஏன் இது, ஏன் இப்போது, ஏன் இவர்" என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும்படி கேள்வி கேட்டுக் கேட்டுத் திருத்தவைப்பது. ஐம்பது வயதுக்காரரிடம் இருபத்திரண்டு வயதுப் பெண் "சார், இந்தப் பத்தி எனக்கே புரியவில்லை" என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். அவளுக்கு அது இருக்கிறது. உங்களிடம் காட்டுவதைத்தான் நீங்கள் வாய்த்துடுக்கு என்கிறீர்கள்.

எங்கே வேலை? ஐ.ஐ.டி. மெட்ராஸில் தொழில் ஆலோசனைக்கும் நிதி பெறும் ஆய்வுக்கும் தனி மையமே இயங்குகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆராய்ச்சி மேம்பாட்டு அலுவலகம் இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி டீன் அலுவலகங்களை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. ஆராய்ச்சிக்கு நிதி தருவதற்காக 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும், ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பெரிய நிறுவனங்களோடு இணைக்கும் திட்டங்களும் அதில் உண்டு. அங்கெல்லாம் விண்ணப்பம் போடத் தெரிந்த கை குறைவு.

குறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, திட்டம் முடிந்தால் பதவியும் முடியலாம். சேரும் முன்பே, சம்பளம் நிறுவனத்தின் கணக்கிலிருந்தா, ஒரு திட்டத்தின் கணக்கிலிருந்தா என்று கேட்க வேண்டும். கட்டுரையிலும் விருதிலும் அவள் பெயர் இருக்காது. கடைசித் தேதிக்கு முந்தைய இரவு வீட்டுக்கு நேரத்தில் வர மாட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே சொல்லில் விளக்க முடியாது, இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பயிற்சிக்கு லட்சம் லட்சமாகச் செலவு செய்யாதீர்கள். 'கிராண்ட் ரைட்டிங்' சான்றிதழ் என்று ஐம்பதாயிரம் கேட்டு வரும் விளம்பரங்களுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். நம் நாட்டில் இந்தத் தொழிலை மேசையில் உட்கார்ந்துதான் கற்கிறார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் என்ற அமைப்பு, 2018-இல் ஆராய்ச்சி மேலாளர்களுக்கென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. முன்மொழிவு எழுதும் பயிலரங்குகளும் நடத்துகிறது. அவர்கள் அறிவிப்புகளை அவள் தொடர்ந்து பார்க்கட்டும். கொழுந்தனாருக்கு அமெரிக்கப் பேச்சுதான் புரியும் என்றால் இதைச் சொல்லுங்கள்: அங்கே பல்கலைக்கழக ஆராய்ச்சி நிர்வாகிகளுக்கு 1959 முதல் சங்கம் இருக்கிறது, 1993 முதல் சான்றிதழ்த் தேர்வு அமைப்பும் இருக்கிறது. பட்டமும் மூன்று ஆண்டு அனுபவமும் இருந்தால் எழுதலாம். அந்த மூன்று ஆண்டை அவள் இங்கேயே, கடன் இல்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு சேர்க்கலாம்.

இப்போதைக்கு ஒரு வேலை. பேராசிரியரின் அந்த முன்மொழிவுக்கு நிதி வந்தால், அதில் தன்னைத் திட்டப் பணியாளராகச் சம்பளத்தோடு எடுக்க முடியுமா என்று அவள் அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். முடியாது என்றால் இலவச உழைப்பை நிறுத்திவிட்டு, ஆராய்ச்சி அலுவலகங்களில் பயிற்சிப் பணிக்கு எழுதட்டும். அடுத்த முறை வரும்போது வங்கித் தாள்களைக் கொண்டுவர வேண்டாம். அவள் திருத்திய பிரதியில் பட்ஜெட் பக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள். அது பேராசிரியரின் உடைமை, அவருடைய அனுமதி வேண்டும். அதையும் நீங்கள் கேட்காதீர்கள், அவளே கேட்கட்டும்.