மோட்டார் சைக்கிள் அடித்து நாயின் பின்னங்கால் தொடையோடு தொங்குகிறது. மட்டை வைத்துக் கட்டி மூலிகைப் பத்துப் போடலாமா?

தொடை என்றால் கட்டவே வேண்டாம். மட்டைக்கட்டு பிடிக்க வேண்டுமென்றால் முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாமல் நிற்க வேண்டும். தொடை எலும்புக்கு மேல்மூட்டு இடுப்பு, அதை வீட்டில் கட்டி நிறுத்த வழியில்லை. கட்டினால் மட்டையின் பாரம் முறிந்த இடத்திலேயே தொங்கி ஆடும், எலும்பின் கூர்முனை உள்ளே சதையைக் கிழிக்கும். முன்னங்காலின் மேல் எலும்புக்கும் இதுதான்.

காலைப் பார்க்க முதல் முரசைப் பாருங்கள். விரலால் அமத்தி விட்டால் 2 செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிக் கிடந்தால், மூச்சு இழுத்தால், சலம் போகாவிட்டால் உள்ளே அடி பட்டிருக்கலாம். அதனால் நெஞ்சையும் எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள். எலும்பு வெளியே தெரியாத முறிவுக்குச் சத்திரசிகிச்சை ஓரிரு நாள் பிந்தலாம். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடி அன்றைக்கே கொண்டுபோங்கள். தூக்கும்போது பலகையிலோ தடித்த சாக்கிலோ கிடத்துங்கள். நோவில் வளர்த்தவரையும் கடிக்கும். வாயைச் சீலையால் கட்டலாம், ஆனால் சத்தி எடுக்கிற நாய்க்கோ மூச்சு முட்டுகிற நாய்க்கோ கட்டக்கூடாது.

நோவுக்கென்று வீட்டுக் குளிசை எதுவும் கொடுக்காதீர்கள். பூனைக்கு அரைப் பனடோலே உயிரை எடுத்துவிடலாம். இபுபுரூபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும்.

பத்தைப் பற்றி: முறிவு நெரிவு வைத்தியம் மனிதருக்கு வந்த வைத்தியம். தொடைச் சதை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின எலும்பு முனைகளைப் பத்து இறக்காது. மயிருக்குள் ஈரம் நின்று தோல் அழுகும், மிச்சத்தை நாய் நக்கி எடுக்கும். இந்த முறிவுக்கு உள்ளே ஆணியோ பிளேட்டோதான். இங்கே செய்ய வசதி கிடைக்காவிட்டால் கால்நடை வைத்தியரிடம் கடிதம் வாங்கிப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பாதையில் 300 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே நோவுக்கு ஊசி போட்ட பிறகு வெளிக்கிடுங்கள். குட்டி நாயென்றால் இன்னும் கெதி வேண்டும். தொடை முறிந்த கால் நீட்டியபடி கிடந்தால் முன்தொடைச் சதை எலும்போடு ஒட்டி, முழங்கால் பிறகு மடியவே மடியாது.

முழங்காலுக்குக் கீழ் முறிவுகள் பலவற்றுக்குப் பிளாஸ்டர் போதும். பொமரேனியன் போன்ற சின்ன நாய்களின் முன்னங்கால் மணிக்கட்டுக்குக் கிட்ட முறிந்தால் மட்டும் போதாது: அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு, பிளாஸ்டரில் எலும்பு பொருந்தாமலே போய்விடும். பிளாஸ்டர் போட்டால் நடு விரல் இரண்டும் வெளியே தெரிய வேண்டும். காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். நகங்கள் விரிந்து விலகினால், விரல் குளிர்ந்தால், மணம் அடித்தால் அன்றைக்கே கட்டை மாற்ற வேண்டும். மாரி மழையில் வெளியே விடும்போது சொப்பிங் பையால் மூடி, உள்ளே வந்ததும் கழற்றுங்கள். விட்டு வைத்தால் உள்ளே வேர்த்து ஊறும்.

ஆணி வைத்த நாய் மூன்றாம் கிழமையளவில் காலை ஊன்றி ஓடப் பார்க்கும். ஆணி நழுவுவதும் பிளேட் வளைவதும் அப்போதுதான். வளர்ந்த நாய்க்கு 8 முதல் 12 கிழமை பிடிக்கலாம். எக்ஸ்றேயில் எலும்பு பொருந்தியது தெரியும்வரை மலசலத்துக்கு மட்டும், அதுவும் கயிற்றில் பிடித்தபடி.