மருந்துக்கொம்பில் யார் பெயர்?

அன்புள்ள சார்,

மகன் நியூயார்க் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போன கோடையில் எங்களை டைகாண்டரோகா கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே துப்பாக்கி மருந்து வைத்துக்கொள்ளும் பழைய மாட்டுக்கொம்புகளைப் பார்த்தோம். கோட்டை, ஆறு, கப்பல், பூ என்று அவ்வளவு வேலைப்பாடு. இப்போதும் கையால் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கப்போகிறேன் என்கிறான். பல நூறு டாலர் ஆகுமாம். சுடப்போவதில்லை, வேட்டைக்குப் போவதில்லை. நகலுக்கு இத்தனை காசா? தவிர, கொல்லப்போகிறவன் கையில் இருப்பதற்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்?

ஆர்.எஸ்., விருதுநகர்

அன்புள்ள ஆர்.எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கொம்புகளில் அலங்காரத்தைவிடப் பெயர்தான் முக்கியம். ஊர்ப்படையில் சேர்ந்தவன் தன் துப்பாக்கியையும் கொம்பையும் வீட்டிலிருந்தே கொண்டுவருவான். முகாமில் எல்லார் இடுப்பிலும் ஒரே மாதிரி மாட்டுக்கொம்பு தொங்கும்போது எது யாருடையது? ஆகவே ‘இன்னாருடைய கொம்பு, இன்ன இடத்தில் செய்தது’ என்று தேதியோடு செதுக்கினார்கள். உடையவன் பெயர் இதில் இருக்கிறது, திருடி அவமானப்படாதே என்று எதுகையோடு பாட்டு எழுதிய கொம்புகள்கூட உண்டு.

நீங்கள் பார்த்தவற்றில் பல 1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே மோதிய காலத்தவையாக இருக்கும். (அதே சண்டையின் இன்னொரு முனையில்தான் நம் வந்தவாசியில் 1760-ல் இருவரும் மோதிக்கொண்டார்கள்.) லேக் ஜார்ஜ் என்ற ஏரியின் கரையில் ஆங்கிலேயர் படை மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. கை ஓடுகிறவர்கள் தங்களுக்கும் மற்றவர்களுக்கும் செதுக்கினார்கள். மாசசூசெட்ஸிலிருந்து போன ஜான் புஷ் என்ற கறுப்பினச் சிப்பாய் 1755-ல் அங்கே செதுக்கிய கொம்புகளின் எழுத்தழகை இன்றைய கைவினைஞர்கள் பாடம் படிப்பதுபோலப் பார்க்கிறார்கள். 1757-ல் அதே ஏரிக்கரையில் இருந்த ஆங்கிலேயரின் வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தபோது பிடிபட்ட புஷ் வீடு திரும்பவில்லை.

ஹட்சன் ஆறு, ஆல்பனி நகரம், அங்கிருந்து வடக்கே கோட்டை கோட்டையாகப் போகும் பாதை என்று செதுக்கியிருப்பதைப் பார்த்து, சிப்பாய்கள் வழி தெரிந்துகொள்ள வைத்திருந்த வரைபடம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று செதுக்கியது, தூரக் கணக்கு கிடையாது. 1762-ல் ஆங்கிலேயர் பிடித்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனபிறகு அதை வைத்து எந்த வழியைக் கண்டுபிடிப்பது? நான் அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான்.

சரி, காசு விஷயம். கொம்பு லேசு, ஈரம் புகாது, உரசினால் பொறி வராது. அதனால்தான் மருந்துக்கு அதைப் பிடித்தார்கள். ஆனால் பச்சைக் கொம்பிலிருந்து அந்த வடிவத்துக்கு வருவதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவார். முதலில் உள்ளே இருக்கும் எலும்பை எடுக்க வேண்டும். வேகவைத்தோ, சும்மா போட்டுவைத்தோ கழற்றுவார்கள். இரண்டிலும் நாற்றம் குடலைப் பிடுங்கும். பொந்து எதுவரை போகிறது என்று கம்பியை விட்டுப் பார்த்து, அதே நீளத்தை வெளியே வைத்து அடையாளம் போடுவார்கள். நுனியை அறுத்து, அங்கிருந்து பொந்தைச் சந்திக்கும்படி துளை போட வேண்டும். கொம்பு வளைந்தது, துளையிடும் கம்பி நேரானது. கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும், கொம்பு வீண். அடிப்பக்கம் வட்டமாக இருக்காது. கொதிநீரில் போட்டு இளக்கி, கூம்பான மரக்கட்டையைத் திணித்து ஆறவிட்டால் வட்டத்துக்கு வரும். அப்புறம்தான் மர அடைப்பை வைத்துச் சுற்றிலும் சின்ன ஆணி அடிப்பது.

அதன்பிறகு சீவல். அரத்தால் ராவி, கத்தியாலோ கண்ணாடிச் சில்லாலோ சுரண்டிக்கொண்டே போவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மருந்து எவ்வளவு இருக்கிறது என்று நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிதாக வரவேண்டும். எழுத்து கடைசியில். கத்தி முனையால் கீறி, எண்ணெயில் குழைத்த கரியைத் தேய்த்துத் துடைத்தால் மேலே இருப்பது போய்விடும், கீறலுக்குள் இருப்பது மட்டும் நிற்கும். தப்பாகக் கீறினால் மறைக்க வழியில்லை. அந்த இடம் முழுவதையும் மறுபடி சுரண்ட வேண்டும். இவ்வளவுக்கும் பல நூறு டாலர் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நகலா என்று கேட்டீர்கள். செய்தவர் தன் பெயரையும் இந்த ஆண்டையும் கீறிக்கொடுத்தால் அது புதுக் கொம்பு, அவ்வளவுதான். மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்தில்லாத பழைய கொம்பை வாங்கி, 1758 என்று கீறி, பழம்பொருளாக விற்கிற ஆட்கள் உண்டு. மகன் என்றைக்காவது ‘அசல்’ வாங்கக் கிளம்பினால் பூதக்கண்ணாடி கொடுத்து அனுப்புங்கள். உடம்பில் உரசும் பக்கத்தில் உண்மையான எழுத்து தேய்ந்திருக்கும். பழைய சிராய்ப்புகள் எழுத்தின் மேலே ஓடும். எழுத்து சிராய்ப்பை வெட்டிக்கொண்டு போனால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது செய்யச் சொல்வதில் அரசச் சின்னமும் பழைய கோட்டையும் வேண்டாம் என்பேன். மகன் தன் பெயரையும், இருக்கும் ஊரையும், அந்த ஊர் ஆற்றையும் போடச் சொல்லட்டும். பெயர் தமிழில் வேண்டுமென்றால் பெரிதாக எழுதி அனுப்புங்கள். நேர்கோட்டைவிட வளைவில்தான் கத்தி வழுக்கும், நம் எழுத்தோ முழுக்க வளைவு. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று செதுக்குகிறவருக்குத் தெரியாது, எண்ணிச் சொல்லிவிடுங்கள்.